எப்படியாவது என்ற சரத்து

டோக்கனைச் சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் நைந்துவிடும் என்று கையில் வைத்திருந்தார் சோலையப்பன். கையில் வைத்திருந்ததால் அது இன்னும் சீக்கிரமாக நைந்துகொண்டிருந்தது. சாத்தூர்ப் பக்கத்து மாரியம்மன் கோயிலின் மொட்டைக் கூடம். அவருக்கு இடப்பக்கம் ஒரு கைக்குழந்தை, தன் முறை வருவதற்கு முன்பே அழுது முடித்துவிட்டு விக்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் அவருடைய மகள் வாலண்டினா, துண்டும் சந்தனக் கிண்ணமும் வைத்த ஒயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈர முடியும் சோப்பும் சந்தனமும் கலந்த வாடை. மேலே பங்குனி வெயிலில் தகரக் கூரை அவ்வப்போது டப் டப்பென்று சத்தம் போட்டது. கோவில்பட்டி பஸ் டிப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்து, சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். செங்கொடியைத் தவிர வேறு எதன் முன்னாலும் இந்தத் தலை குனிந்ததில்லை என்று கேட் மீட்டிங்கில் கைதட்டல் வாங்கியவர். இன்றைக்கு அந்தத் தலையைக் குனிவதற்கு மட்டுமில்லை, மழிக்கக் கொடுப்பதற்கும் பணம் கட்டிவிட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? தோழர் நீங்களா என்று ஒரு குரல் வந்தால்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். உலகம் மங்கியதும் கொஞ்சம் தைரியமாக இருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான், அவருக்கும் தெரியும். "ஏன்பா, தலை வலிக்குதா?" என்றாள் மகள். "இல்லம்மா, வேர்க்குது" என்றார். உண்மையிலேயே வேர்த்தது.

பொங்கல் வைக்கிறேன், மாவிளக்கு எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தால் காதும் காதும் வைத்த மாதிரி முடித்திருக்கலாம். மொட்டையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? முடி கொட்டிய தலை என்று சொல்லலாமென்றால், அறுபத்தைந்திலும் கரும்புக்காடு மாதிரி வளர்ந்து கிடக்கிறது, அதுவும் ஒரு வம்பு. நம்பிக்கை இல்லாதவன் இங்கே ஏன் வந்தாய் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார், அவரே பதிலும் சொன்னார், பதிலில் திருப்தி வராமல் மறுபடி கேட்டார். ஆத்தா என்று ஒருத்தி இல்லை என்றால் வேண்டுதலும் இல்லை, கடனும் இல்லை. எழுந்து போய் மோர் குடித்துவிட்டு பஸ் ஏறலாம். ஆத்தா இருக்கிறாள் என்று உட்கார்ந்தால், அப்புறம் நடந்ததெல்லாம் அவள் நடத்தியது. அவள் நடத்தியது என்றால் அதை நடத்தச் சொன்னது யார்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வாரமாக இப்படித்தான். மொட்டை போட்டால், என் மகளை நான்தான் தடுத்தேன் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. போடாவிட்டால், தீர்க்காத வேண்டுதல் பிள்ளை தலையில் விடியும் என்று சின்ன வயதில் அம்மா சொன்னது இருக்கிறதே, அது எந்தக் கட்சி வகுப்பிலும் கரையாமல் அடிவயிற்றில் கிடக்கிறதே, அதை என்ன செய்வது? நம்பிக்கை போய்விட்டது, பயம் மட்டும் போகவில்லை. வெட்கக்கேடு.

வாலண்டினா என்று பெயர் வைத்ததே அவர்தான். பூரணம், அவர் மனைவி, மாரியம்மாள் என்று வைக்கலாம், இந்தக் கோயிலில்தான் முதல் முடி இறக்க வேண்டும் என்று அழுதாள். அழுகையெல்லாம் எடுபடவில்லை. வானத்துக்குப் போன முதல் பெண், ருஷ்யத் தோழி, நெசவாலைத் தொழிலாளி, அந்தப் பெயரைத்தான் என் மகளுக்கு வைப்பேன் என்று டிப்போ முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். தெருக்காரர்கள் வாய்க்கு அந்தப் பெயர் நுழையாமல் வாலு என்றே கூப்பிட்டார்கள். அந்த மனிதர்தான் பிற்பாடு, நம் நாட்டு ராக்கெட் ஒவ்வொன்றும் கிளம்பும்போது திட்டினார். 'சோற்றுக்கு வழியில்லை, சொர்க்கத்துக்கு ஏணியா?' என்று தலைப்புப் போட்டு ஒரு நோட்டீஸ் எழுதினார். அதை எழுதியபோது அதில் பொய் இல்லை. பெண் கண்டக்டர்களுக்கு டிப்போவில் கக்கூஸ் இல்லாத காலம் அது. வழியில் எங்கே போவது என்று பயந்து தண்ணீர் குடிக்காமலேயே டிக்கெட் கிழித்தார்கள். வாலு பத்தாவது படிக்கையில் அந்த நோட்டீஸை வாசித்துவிட்டு, "ருஷ்யாக்காரன் அனுப்பினா அறிவியல், நாம அனுப்பினா வீண் செலவாப்பா?" என்று கேட்டாள். அவன் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு அனுப்பினான் என்றார். போட்டானா என்றாள். சாப்பிடு முதலில் என்றார். இன்னொரு நாள், "அந்தக் காசை மிச்சம் பிடிச்சா உங்க டிப்போவுக்குக் கக்கூஸ் கட்டிருவாகளா? ராக்கெட்டே விடாத வருசத்துலயும் கட்டலையே" என்றாள். அவருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. எதிர்த்தரப்பில் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் பேச்சுவார்த்தை ருசியாக இருக்கும் என்று பூரணத்திடம் சொன்னார். எந்திரத்தை அனுப்பினால் போதாதா, மனிதன் எதற்கு என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை இன்றுவரை அவரால் மடக்க முடிந்ததில்லை: "மே தின ஊர்வலத்துக்கு உங்க ஃபோட்டோவை மட்டும் குடுத்து விடலாமே, நீங்க ஏன் கால் வலிக்க நடந்து போறீக?"

இப்போது அவள் கால்களை நீட்டி, செருப்பில்லாத விரல்களை அசைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து அந்தப் பழக்கம். இந்த விரல்கள் தரையில் படாமல் மிதப்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விண்வெளிக்கு ஆள் அனுப்பும் திட்டத்தில் அவள் என்ஜினியர். ஆட்கள் உட்காரும் கூண்டுக்குள் மூச்சுக்காற்று கெடாமல் பார்த்துக்கொள்ளும் கருவியில் வேலை. அதுவரை சரி. போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், முதல் சுற்றில் தேறிவிட்டேன் என்று போன வருஷம் அவள் ஃபோனில் கத்தினாளே, அன்றைக்குத்தான் அவருடைய கொள்கைக்குச் சீக்குப் பிடித்தது. டிப்போக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். பூரணம் கேசரி கிண்டினாள். அத்தனை பேர் நடுவில் சோலையப்பன் எழுந்து, தோழர்களே, என் மகள் என்பதற்காக நான் மாற்றிப் பேசமாட்டேன், பசித்த வயிறுகள் இருக்கிற நாட்டில் நாலு பேர் மேலே போய் மிதந்துவிட்டு வருவதற்கு இவ்வளவு செலவா என்று தொடங்கி, தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் பெண்களைச் சொல்லி, தீப்பெட்டி ஒட்டும் விரல்களைச் சொல்லி, கண் கலங்கி முடித்தார். பெற்ற மகளுக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன் என்று கை தட்டினார்கள். தட்டிய ஒவ்வொரு கையும் இப்போது கன்னத்தில் விழுகிறது. அவர் அழுதது குடம் தூக்கிய பெண்களுக்காக இல்லை. அடுப்படி வாசலில் நின்று, அப்பா இப்படித்தான் என்று சிரித்துக்கொண்டிருந்த ஒருத்திக்காக. ஏழைகளை முன்னால் நிறுத்தி அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். முதலாளி செய்கிற காரியம் இது. இனிமேல் அந்த வாதத்தை அவர் வாயால் பேச முடியாது. மகள் போகவில்லை, சரி. அந்த வாதமும் போய்விட்டது.

பயத்தைச் சொல்லியிருக்கலாம். மெக்கானிக்குக்குத் தெரியாத பயமா? ஓடுகிற வண்டி என்றைக்காவது நிற்கும். எத்தனை புதுச் சாமான் போட்டாலும், எவ்வளவு கிரீஸ் தடவினாலும், ஒரு நாள் நடுவழியில் நிற்கும். பஸ் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள், பின்னால் வருகிற வண்டியில் ஏற்றிவிடலாம். அங்கே யார் தள்ளுவது? ஒரு தடவை வாலு மடிக்கணினியில் ஒரு சோதனையைக் காட்டினாள். ராக்கெட் வெடிக்கப் போகிறது என்றால் ஆட்கள் இருக்கும் கூண்டை மட்டும் பிய்த்து எறிந்து காப்பாற்றும் ஏற்பாடு. எவ்வளவு அழகா வருது பாருங்கப்பா என்றாள். அவருக்கு நெருப்பு மட்டும்தான் தெரிந்தது. அப்போது பயமா இருக்கு வாலு என்று மூன்று வார்த்தை வாயில் வந்துவிட்டது. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "இதுக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டார். அவள் கணினியை மூடிவிட்டாள். அடுத்த தடவை வரும்போது தாள் நிறையக் குறிப்பு எடுத்துக்கொண்டு வந்து, செலவென்ன, வரவென்ன, இதிலிருந்து ஆஸ்பத்திரிக்கு என்ன வரும், விவசாயிக்கு என்ன வரும் என்று பொறுமையாக ஒரு மணி நேரம் விளக்கினாள். பாவம், பிள்ளை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் தலையாட்டி, இடையிடையே மறுத்துப் பேசி, முழு நேரமும் அவள் கழுத்தில் துடிக்கும் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டுதல் நடந்தது பட்டப்பகலில், ஓடுகிற பஸ்ஸில். ஒரு தோழரின் பென்ஷன் விஷயமாகச் சாத்தூர் போய்க்கொண்டிருந்தார். இந்தக் கோயிலின் வளைவு வந்தால் டிரைவர் வண்டியை மெதுவாக்குவார், பஸ் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சோலையப்பன் மட்டும் நிமிர்ந்து, கண்டக்டர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனையோ வருஷப் பழக்கம். அன்றைக்கு வளைவு வருவதற்குச் சற்று முன்னால் ஃபோனில் செய்தி வந்தது: 'கடைசிச் சுற்று மெடிக்கல் தொடங்கிட்டாங்கப்பா. இது முடிஞ்சா நான் உள்ளே.' பஸ் மெதுவானது. பக்கத்தில் ஒரு கிழவர் தாயே என்றார். கையில் ஃபோன் வெளிச்சம் அணைவதற்குள் சோலையப்பனின் உள்ளே எவனோ ஒருத்தன், சங்கத்தில் உறுப்பினராக இல்லாத ஒருத்தன், பேசிவிட்டான்: ஆத்தா, இவளை எப்படியாவது நிறுத்திரு, உனக்கு என் முடியைத் தாரேன். அவ்வளவுதான். பஸ் வேகம் எடுத்துவிட்டது. சாத்தூரில் இறங்கி டீ குடித்தார். எவனும் பார்க்கவில்லையே என்று சுற்றும்முற்றும் பார்த்தார். அதே வாரம் பூரணம், மகள் தேறிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை விரதம் இருந்துகொண்டிருந்தாள். விரதம் இருக்கிறவள் போகட்டும் என்கிறாள், சாமி இல்லை என்கிறவன் போகக்கூடாது என்கிறான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. ஆத்தாள் குழம்பியிருக்க வேண்டும், குழம்பவில்லை. ஒரு நாளும் கேட்காதவன் முதல் தடவை கேட்கிறானே என்று அவனுக்கே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

பத்து நாளில் வாலு ஃபோன் செய்தாள். குரலில் ஒன்றுமே இல்லை, எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரி இருந்தது. இதயத்தில் ஒரு பிசகாம். எப்போதாவது ஒரு துடிப்பு கூடுதலாக, வேண்டாத இடத்திலிருந்து கிளம்புகிறதாம். "பூமில இருக்கிறதுக்கு இந்த இதயம் போதும்னுட்டாங்கப்பா. மேலதான் விடமாட்டாங்களாம்."  சோலையப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க என்ன இருக்கிறது? நெஞ்சு நிறைய, முழுச் சந்தோஷம், அப்பாடா என்று ஒரு மூச்சு. அதை இருமலாக மாற்றினார். அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வார்த்தை வந்து இடறியது. எப்படியாவது. நாற்பது வருஷம் ஒப்பந்தம் எழுதிய கை. 'இயன்றவரை', 'கூடிய விரைவில்', 'எவ்வகையிலேனும்', இப்படி ஒரு சொல் சரத்தில் இருந்தால் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தவர். அந்தச் சந்துக்குள்தான் நிர்வாகம் நுழையும் என்று புதுப் பையன்களுக்கு வகுப்பெடுத்தவர். ஆயுளில் ஒரே ஒருமுறை ஆத்தாளோடு ஒப்பந்தம் போட்டார், அதில் எப்படியாவது என்று போட்டுவிட்டார். ஒரு சளிக்காய்ச்சல் போதுமே. கண்பார்வை ஒரு புள்ளி குறைந்தால் போதுமே. இடுப்பு அளவு கூடிவிட்டது என்று அனுப்பியிருக்கலாமே. எந்த வழி என்று நான் எழுதவில்லை; ஆத்தாள் இதயத்தின் வழியாக வந்துவிட்டாள். அந்தப் பிசகு பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கும், இருக்கும். அறிவுள்ளவன் அப்படித்தான் நினைப்பான். ஆனால் ராத்திரி பகல் எந்நேரமும் அவருக்குக் கேட்பது அந்தக் கூடுதல் துடிப்புதான், அவரே உள்ளே போய்த் தட்டின மாதிரி.

இன்னொன்றும் உண்டு, அதைத் தொடுவதற்கே கூசியது. வாலுவின் இடத்துக்கு வரிசையில் அடுத்து நின்ற பெண் வந்தாள். பாலக்காட்டுப் பெண், லிஜி. அவள் அப்பா தபால்காரராக இருந்தவர். இரண்டு பெண்களும் சிநேகிதிகள் என்பதால் அந்த மனிதர் வீடியோவில் வந்து, மலையாளமும் தமிழுமாக, "உங்க மோளுக்குக் கிடைக்க வேண்டியது எங்க மோளுக்குக் கிட்டி, வெஷமம் உண்டு, வருத்தமா இருக்கு சார். என் மோளுக்கு வேண்டியும் பிரார்த்திக்கணும்" என்று கை கூப்பினார். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. தூங்காத கண். சோலையப்பனுக்கு அந்தக் கண்ணைத் தெரிந்தது, கண்ணாடியில் தினம் பார்த்த கண்தான். "கட்டாயம் சார்" என்றார். என் பிள்ளையை எடு, வேறு ஒருவன் பிள்ளையைப் போடு. கேட்டது அதுதானே? காலி இடம் காலியாகவா இருக்கும்? வேலைநிறுத்தம் நடக்கும்போது பின்வாசல் வழியாகப் போய்த் தன் வேலையை மட்டும் காப்பாற்றிக்கொண்டவனைக் கருங்காலி என்று பெயர் சொல்லி மேடையில் ஏசினார் ஒருமுறை. அந்த ஆள் அப்புறம் ஊரை விட்டே போய்விட்டான். அவனுக்கும் வீட்டில் பிள்ளை இருந்திருக்கும். செலவு வீணா, இல்லையா என்று இத்தனை வருஷம் பேசினோமே, எந்தச் செலவைப் பேசினோம்? காசைப் பேசினோம். லிஜியின் அப்பா கட்டுகிற செலவைப் பேசவில்லை. அந்தச் செலவு தகும் என்று அவள் சொல்கிறாள், இவள் சொல்கிறாள். போகிற பிள்ளைகள் சொல்கிறார்கள். கட்டுகிறவனைக் கேட்டால் ஒரு காசு தராதே என்பான். அவன் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் பிள்ளை பள்ளிக்கூடமே போயிருக்காது. அப்படியென்றால் தகுமா? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இவ்வளவு காலம் தெரியும் என்று பேசியதை நினைத்தால் காது சூடேறியது.

மகள் எழுந்து போனதையே அவர் கவனிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். "வெளிய உருவம் விக்காகல்லப்பா, அதைப் பார்த்துட்டு வந்தேன். கண்ணு, கை, காலு, தொட்டில் பிள்ளை எல்லாம் தகட்டுல அடிச்சு வச்சிருக்காங்க. எந்த இடத்துல நோவோ அந்த உருவத்தை வாங்கி உண்டியல்ல போடணுமாம். இதயம் இருக்கான்னு கேட்டேன். இல்லையாம். முழு ஆளு உருவம் வாங்கிக்கோங்க, அதுக்குள்ள எல்லாம் அடங்கும்னு சொல்லுது அந்தக்கா." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.  "வாங்கினியா?" என்றார். "எதுக்கு? எனக்கு நோவே இல்லையே. அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா, என்னன்னு வேண்டிக்கிட்டீங்கன்னு. அவளுக்குச் சொல்லத் தாங்கலை, முப்பது வருசத்துல முதல் தடவை எங்க வீட்டுக்காரர் கோயிலுக்குப் போறாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டா." பூரணம் காலையில் சந்தனத்தைக் குழைத்துக் கொடுக்கும்போது அழுதாள். அவரை நேராக ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக் காட்டவும் இல்லை. முட்டிவலியோடு வாசல்வரை வந்து, பார்த்துக் கூட்டிட்டு வா வாலு என்றாள். "பொதுவா வேண்டிக்கிட்டேம்மா. நீ நல்லா இருக்கணும்னு" என்றார் சோலையப்பன். பொய் இல்லை. பொய்யில்லாத பொய்களில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு.

டோக்கனைக் கூப்பிட்டார்கள். பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். தலைமேல் தண்ணீர் விழுந்து காதுக்குப் பின்னால் ஓடி முதுகில் இறங்கியது. முடி எடுப்பவர் பேச்சுக்காரர். புது பிளேடைப் பிரித்துக் காட்டி, "சாமிய நெனச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார். எதை நினைப்பது? நன்றி என்பதா, மன்னித்துக்கொள் என்பதா, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்பதா? கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. மடியில் வெள்ளையும் கருப்புமாக ஈர முடி விழுந்தது. அது தன்னுடையது என்றே தோன்றவில்லை. மேலே அந்த மனிதர் மகளிடம் பேச்சுக் கொடுத்தார். "மகளாம்மா? கல்யாணம் கூடி வந்திருக்கோ?" இல்லண்ணே என்றாள். "அப்ப வேலை கெடச்சிருக்கும்." அதுவும் இல்லண்ணே, ஒண்ணுக்குப் போட்டிருந்தேன், கெடைக்கலை என்றாள். "கெடைக்கலையா? கெடைக்கலன்னா ஆத்தாள ரெண்டு வசவு வஞ்சிட்டுல்ல போவாக. நடந்தாத்தான மொட்டை? நடக்காததுக்கு முடி குடுக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சிரித்து, பிளேடை உதறிவிட்டு மறுபக்கம் திரும்பினார்.

கூடத்தில் சத்தத்துக்குக் குறைவில்லை. குழந்தை மறுபடி அழுதது, யாரோ தண்ணீர் வாளியை உருட்டினார்கள். இருந்தாலும் தனக்கு வலப்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் சத்தம் நின்றுபோனது சோலையப்பனுக்குத் தெரிந்தது. குனிந்த தலைக்குத் தெரிந்தவை அவளுடைய பாதங்கள் மட்டும். விரல்கள் அசையவில்லை. ஒரு கணக்கைப் போட்டால் விடை வரும்வரை விடாதவள். கக்கூஸ் கணக்கையே விடாதவள். பாதி தலை வழுவழுவென்று காற்றில் குளிர்ந்தது, பாதி தலையில் முடி பாரமாக இருந்தது. எழுந்து ஓடக்கூட முடியாத கோலம். "அப்பா" என்றாள். ம் என்றார். "அப்ப, நடந்துருச்சாப்பா?" இல்லை என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது, எவ்வளவு சாமர்த்தியமான வாக்கியங்கள் வாழ்நாளில் பேசியாயிற்று.  தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினார். கத்தி கீறிவிட்டது. "ஆட்டாதீகன்னு சொல்லணுமா அண்ணாச்சி, சின்னப்பிள்ளை மாதிரி" என்று முடி எடுப்பவர் படிகாரத்தைத் தேய்த்தார். எரிந்தது. எரியட்டும் என்று இருந்தது.

மீதி முடியும் விழுந்தது. குழாயடியில் அவள் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினாள். துடைக்கும்போதுதான் கேட்டாள், துண்டுக்கு வெளியே இருந்து, அவர் முகம் மறைந்திருக்கும்போது. "என்ன சொல்லி வேண்டுனீங்க? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க." "எப்படியாவது நிறுத்திருன்னு." "எப்படியாவதுன்னா?" "அதான் தப்பு வாலு. அதான் தப்பாப் போச்சு. ஆத்தா போய் இதயத்தைத் தொடுவான்னு நான் நெனக்கலை." துண்டு நின்றது. அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தேவலை. "ஆத்தா ஒண்ணும் தொடலை, அது பிறந்ததுல இருந்து இருக்கு. அதை விடுங்க. செலவு செலவுன்னு எங்கிட்டப் பேசுனீங்களே, நான் ஆபீஸ்ல லீவு போட்டு உக்காந்து பதில் தயார் பண்ணுனேன்ப்பா. எங்கப்பா ஏழைபாழைக்காகப் பேசுறாரு, அவருக்கு நியாயமான பதில் சொல்லணும்னு. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" "சொல்லியிருந்தா?" "போயிருப்பேன். ஆனா உங்க பயத்துக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருப்பேன்." சோலையப்பன் துண்டுக்குள்ளேயே இருந்தார். அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. வெட்கம் என்பது முகத்தில் வருவது என்று நினைத்திருந்தார். முடி போன தலை முழுக்க அது பரவியிருந்தது.

துண்டை எடுத்தாள். கிண்ணத்திலிருந்த சந்தனத்தை அள்ளித் தலையில் அப்பினாள். கீறின இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் தடவினாள். பூரணம் குழைத்த சந்தனம், ஜில்லென்று இருந்தது. கை முரட்டுத்தனமாகத்தான் தடவியது, கோபம் தீரவில்லை; ஆனால் வேறு ஒரு இடமும் விடாமல் தடவியது. அவளுடைய மணிக்கட்டு அவர் காதோரம் உரசியபோது அந்தக் கூடுதல் துடிப்பு கேட்கிறதா என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அவரே மாட்டிக்கொள்ளக் கொடுத்தாள். "ஒரு சின்ன ஒயரை உள்ள விட்டு அந்த இடத்தைச் சுட்டுட்டாச் சரியாயிரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ப்பா. ரெண்டு வருசத்துல அடுத்த பேட்ச் எடுப்பாக. நான் மறுபடி பேர் குடுக்கப் போறேன்" என்றாள். உலகம் தெளிவாகத் தெரிந்தது, வெயிலில் அவள் முகத்தில் வேர்வை, கழுத்தில் அந்த நரம்பு. "இனி வேண்டமாட்டேன்னு சொல்லுங்க." அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "சொல்லுங்கப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாறமாட்டீங்க, எனக்குத் தெரியும்." நாற்பது வருஷமாக ஊருக்கும் அது தெரியும். "வேண்டமாட்டேன்" என்றார். அவள் தலையசைத்து, கூடையை எடுத்துக்கொண்டு, வாங்க பஸ்ஸு வந்துரும் என்று முன்னால் நடந்தாள். மொட்டைத் தலையில் வெயில் சுள்ளென்று இறங்க, அவள் குதிகால்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார் சோலையப்பன். வளைவைத் தாண்டுவதற்குள் அவர் உதடு அசையத் தொடங்கிவிட்டது. ஆத்தா, இதயத்தைத் தொடக்கூடாது. கண்ணைத் தொடக்கூடாது. உடம்பில் எந்த உறுப்பையும் தொடக்கூடாது. அவள் மனசு நோகக்கூடாது. அவளுக்குப் பதிலாக வேறு ஒருத்தர் பிள்ளையையும் ஏற்றக்கூடாது. இத்தனை சரத்துக்கும் உட்பட்டு, ஆத்தா.